அணு ஆயுத ஆய்வகத்துக்காக எழுதிய நிரல் உங்கள் போனுக்குள்... தெரியுமா?

கையில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கிற படங்களையும் சேர்த்துவைக்கிற பாட்டுகளையும் சேமிப்பகத்தில் அடுக்கி வைக்கும் வேலையை ஏராளமான போன்களில் செய்துவந்தது 'இஎக்ஸ்டி4' என்ற ஃபைல் சிஸ்டம். 2010 டிசம்பரில் வந்த நெக்ஸஸ் எஸ் போனிலேயே அது நுழைந்துவிட்டது. லினக்ஸ் சர்வர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த இஎக்ஸ்டி4-இன் முக்கியமான பாகங்கள் போனுக்காக எழுதப்பட்டவை அல்ல, வீட்டுக் கம்ப்யூட்டருக்காகவும் அல்ல. அமெரிக்க அணு ஆயுத ஆய்வகங்களின் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்காக எழுதப்பட்டவை! தெரியுமா?

அந்தச் சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓடியது 'லஸ்டர்'. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் கூடிய ஃபைல் சிஸ்டம் அது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் பீட்டர் பிராம் தொடங்கிய ஆராய்ச்சி. 2001-இல் அவரே 'கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். செலவுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை கைகொடுத்தது. 2003 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் எம்சிஆர் என்ற லினக்ஸ் கிளஸ்டரில் லஸ்டர் முதன்முதலாக நிஜ வேலைக்கு இறங்கியது. எம்சிஆர் சாதாரண மெஷின் இல்லை. அந்த வருஷம் ஜூனில் வந்த உலகச் சூப்பர் கம்ப்யூட்டர் தரவரிசையில் மூன்றாம் இடம்! இதில் வேடிக்கை என்னவென்றால், லஸ்டரின் 1.0 பதிப்பு வெளியானதே அந்த ஆண்டு டிசம்பரில்தான். உலகின் முன்னணிச் சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று ஒன்பது மாதம் முன்கூட்டியே அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி வேலை செய்கிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் இலைக்கும் சாம்பார் ஊற்றினால் கடைசி இலைக்காரர் கை கழுவப் போய்விடுவார். வரிசைக்கு ஓர் ஆள் நின்றால்தான் பந்தி நகரும். லஸ்டரில் ஒரு ஃபைலின் பெயர், உரிமையாளர், அனுமதி போன்ற விவரங்களைக் கவனிக்க 'மெட்டாடேட்டா சர்வர்' தனியாக இருக்கிறது. ஃபைலின் உள்ளடக்கம் முழுக்கத் துண்டு துண்டாகப் பல சேமிப்பு சர்வர்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு துண்டு வழக்கமாக 1 மெகாபைட். ஃபைலைத் திறக்கும்போது மட்டும் மெட்டாடேட்டா சர்வரிடம் போய் 'இது எங்கெங்கே இருக்கிறது' என்று கேட்டால் போதும். அதற்கப்புறம் எல்லாச் சேமிப்பு சர்வர்களோடும் நேரடிப் பேச்சுதான். ஒரே ஃபைலை 160 இடங்களில் பரப்பலாம் என்றிருந்த வரம்பு, 2.2 பதிப்பில் 2,000 ஆனது!

இதில் சுவாரசியமான இடம் கெர்னல். லினக்ஸின் இதயம் அது. லஸ்டரை ஓட்ட வேண்டுமென்றால் கடையில் கிடைக்கிற கெர்னல் அப்போது போதவில்லை, அதைத் திறந்து 'பேட்ச்' எனப்படும் ஒட்டுப் போட வேண்டியிருந்தது! ஆரம்பக் காலத்தில் சர்வருக்கும், அதனிடம் ஃபைல் கேட்கிற கணினியான கிளையன்ட்டுக்கும், இரண்டுக்குமே பேட்ச் போட்ட கெர்னல் தேவைப்பட்டது. லஸ்டரின் மூல நிரலுக்குள் 'கெர்னல் பேட்ச்சஸ்' என்று ஒரு தனி டைரக்டரியே உண்டு. ரெட்ஹாட் லினக்ஸின் இந்தப் பதிப்புக்கு இந்த வரிசையில் இந்தப் பேட்ச், சூஸேயின் அந்தப் பதிப்புக்கு அந்த வரிசையில் அந்தப் பேட்ச் என்று பட்டியல்கள். அவற்றை 'குவில்ட்' என்ற கருவி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும். நடுவில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்றால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

ஏன் இவ்வளவு பாடு? ஒரு காரணம் கேளுங்கள். 'இந்தப் பெயரில் ஒரு ஃபைலை உருவாக்கித் திற' என்று ஒரு நிரல் சொன்னால், அன்றைய லினக்ஸ் முதலில் 'இப்படி ஒரு பெயர் இருக்கிறதா' என்று தேடும், பிறகு உருவாக்கும், பிறகு திறக்கும். உள்ளே இருக்கிற டிஸ்க்கிடம் இப்படி மூன்று முறை பேசினால் நஷ்டமில்லை. வலைப்பின்னலுக்கு அப்பால் இருக்கிற சர்வரிடம், அதுவும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நொடியில் மூன்று மூன்று முறை கேட்டால்? சர்வர் மூச்சுத் திணறிவிடும். 'நான் தேடுவதே திறப்பதற்காகத்தான்' என்ற நோக்கத்தைத் தேடும்போதே சொல்லிவிட லஸ்டர்காரர்கள் கெர்னலுக்கு ஒட்டுப் போட்டார்கள். மூன்று பேச்சு ஒன்றானது. இதே தேவையை லினக்ஸ் தானாகவே தீர்த்துக்கொண்டது எப்போது தெரியுமா? 2012-இல், 3.6 கெர்னலில்! கிட்டத்தட்டப் பத்து வருஷம் முன்னாலேயே சூப்பர் கம்ப்யூட்டர்காரர்களுக்கு அந்த வலி வந்துவிட்டது.

இன்னொரு பேட்ச் இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. அதைப் போட்டால் டிஸ்க் பொய் சொல்லும்! 'எழுதிவிட்டேன்' என்று பதில் வரும், ஆனால் எதையுமே எழுதாமல் காற்றில் விட்டுவிடும். எதற்காக? திடீரென்று கரண்ட் போனால் சர்வர் எந்த நிலையில் நிற்கும் என்று சோதிக்க. நிஜமாகவே ப்ளக்கைப் பிடுங்காமல், ஒரு நொடியிலிருந்து எழுத்தெல்லாம் டிஸ்க்கைச் சேராமல் செய்துவிட்டு, சர்வரை மறுபடி எழுப்பி, ஃபைல்கள் பிழைத்தனவா என்று பார்ப்பார்கள். நாளொன்றுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கரண்டை நிறுத்தலாம்! பிற்பாடு லினக்ஸிலேயே அதற்கான வசதி வந்துவிட்டதால் அந்தப் பேட்ச் ஓய்வு பெற்றது.

சரி, போனுக்கு எப்படி வந்தது? லஸ்டரின் ஒவ்வொரு சேமிப்பு சர்வருக்கும் அடியில் சாதாரண டிஸ்க் ஃபைல் சிஸ்டம் ஒன்று வேண்டும். அப்போது இருந்தது இஎக்ஸ்டி3. அதன் கணக்குவழக்கு பழைய பாணி. 1 ஜிகாபைட் ஃபைல் என்றால் 4 கிலோபைட் கட்டங்களாக வெட்டி, 2,62,144 கட்டங்களுக்கும் 'இது இங்கே, இது இங்கே' என்று தனித்தனி முகவரி எழுதும். சூப்பர் கம்ப்யூட்டரின் ராட்சத ஃபைல்களுக்கு இது கட்டுபடியாகுமா? 'இங்கே தொடங்கி இவ்வளவு நீளம்' என்று ஒரே வரியில் எழுதுகிற முறையைக் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்ஸ் கம்பெனிக்காரர்கள் பேட்ச்சாகச் சேர்த்தார்கள். அப்படி ஒரு வரி 128 மெகாபைட் வரை தாங்கும். அதே 1 ஜிகாபைட் ஃபைல் டிஸ்க்கில் சேர்ந்தாற்போல இடம் பிடித்துவிட்டால் எட்டே வரி போதும். இரண்டரை லட்சத்துக்கு மேல் எங்கே, எட்டு எங்கே!

2003 முதல் 2006 வரை இப்படிச் சேர்ந்த பேட்ச்களை லினக்ஸின் பொது கெர்னலுக்குக் கொடுக்க வந்தபோது சண்டை வந்தது. 'ஊரெல்லாம் நம்பி ஓட்டுகிற இஎக்ஸ்டி3-இல் கை வைக்காதீர்கள்' என்றார்கள் சிலர். நியாயமான பயம்தான். 2006 ஜூனில், இஎக்ஸ்டி3-ஐப் பராமரித்துவந்த தியோடர் சோ ஒரு வழி சொன்னார்: இஎக்ஸ்டி3-ஐப் பிரதி எடுத்து இஎக்ஸ்டி4 என்று பெயர் வைப்போம், புதுமையெல்லாம் அதில் செய்வோம். 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கெர்னலில் அது நிலையான ஃபைல் சிஸ்டமாக வந்து உட்கார்ந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் போனுக்குள்!

கதை அதோடு நிற்கவில்லை. ஒரு டைரக்டரிக்குள் சுமார் ஒரு கோடிப் பெயர்களோடு திணறிக்கொண்டிருந்த இஎக்ஸ்டி4, 2017-இல் 4.13 கெர்னலில் 200 கோடிப் பெயர்களைத் தாங்கத் தயாரானது. அதுவும் லஸ்டர் வீட்டுச் சரக்குதான். ஒரே டிஸ்க்கை இரண்டு சர்வர்கள் தெரியாமல் ஒரே நேரத்தில் 'மவுன்ட்' செய்து, அதாவது தன்னோடு இணைத்துக்கொண்டு, நாசமாக்கிவிடாமல் தடுக்கிற காவல் ஏற்பாடும் அங்கிருந்துதான் 2011-இல் வந்தது.

அதற்கு ஏன் காவல் என்கிறீர்களா? லஸ்டரில் சேமிப்பு சர்வர்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி, இருவருக்கும் ஒரே டிஸ்க் அடுக்கைக் கேபிளால் இணைத்திருப்பார்கள். ஒருவர் செத்தால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். ஆனால் செத்தவர் உண்மையில் சாகாமல், கொஞ்சம் மயங்கி எழுந்து மறுபடி எழுத ஆரம்பித்தால்? அதனால் பொறுப்பை எடுப்பதற்கு முன்னால் அடுத்தவரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். ஈவு இரக்கம் கிடையாது.

அப்படி ஒரு சர்வர் நடுவில் செத்துப் பிழைத்தாலும், அதில் எழுதிக்கொண்டிருந்த உங்கள் நிரலுக்கு எதுவுமே தெரியாது என்றால் நம்புவீர்களா? கிளையன்ட் கணினிகள் தாங்கள் அனுப்பிய ஒவ்வொரு வேண்டுகோளின் நகலையும் நினைவகத்தில் வைத்திருக்கும். அது டிஸ்க்கில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று சர்வர் சொன்ன பிறகுதான் நகலைக் கீழே போடும். சர்வர் எழுந்ததும் எல்லாக் கிளையன்ட்டுகளும் வரிசை எண் மாறாமல் பழைய வேண்டுகோள்களைத் திரும்ப ஓட்டிக் காட்டும். நிரல் சில நிமிடம் உறைந்து நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான். வாரக்கணக்கில் ஓடும் கணக்குகளுக்கு இது உயிர்ப்பிச்சை.

ஆனால் பதில் சொல்லாத கிளையன்ட்டுக்கு மன்னிப்பு இல்லை. ஒரு ஃபைலின் மேல் பூட்டு வைத்திருக்கிற கணினியிடம் 'வேறொருவர் கேட்கிறார், எழுதியதைக் கொடுத்துவிட்டுப் பூட்டை விடு' என்று சர்வர் சொல்லும். குறித்த நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் வெளியேற்றம்! கையிலிருந்த எழுதாத தரவெல்லாம் போச்சு. 'இந்தக் கிளையன்ட் வெளியேற்றப்பட்டது' என்ற அந்த லாக் வரியைப் பார்த்து வெலவெலத்துப் போகாத லஸ்டர் நிர்வாகி உலகத்தில் கிடையாது. இந்தப் பூட்டு ஏற்பாட்டின் பாணி எங்கிருந்து வந்தது தெரியுமா? விஎம்எஸ் என்ற இயங்குதளம் ஓடிய 1980-களின் கிளஸ்டர்களிலிருந்து. பழைய சரக்குக்கு மவுசு போகவே போகாது.

இன்னொரு அதிசயம். நாசாவின் சூப்பர் கம்ப்யூட்டர் பிரிவு பயனர்களிடம் கெஞ்சிக் கேட்கிற ஒரு விஷயம்: ஃபைல்களை விவரத்தோடு பட்டியலிடுகிற 'எல்எஸ் -எல்' கட்டளையைத் தயவுசெய்து தட்டாதீர்கள்! லினக்ஸ் படித்த முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொள்கிற கட்டளை அது. ஃபைலின் பெயர் மெட்டாடேட்டா சர்வரிடம் இருக்கிறது, சரி. ஆனால் அளவு? அது துண்டுகள் கிடக்கிற சேமிப்பு சர்வர்களிடம்தான் இருக்கிறது. ஒரு லட்சம் ஃபைல் உள்ள டைரக்டரியில், ஒவ்வொன்றும் நான்கு இடங்களில் பரவியிருந்தால், ஒரு கட்டளைக்கு நான்கு லட்சம் கேள்விகள் கிளம்பக்கூடும். நீங்கள் வெறும் 'எல்எஸ்' அடித்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். பெயர்களுக்குக் கலர் கொடுக்கிற வசதி பின்னணியில் இருந்தால் அதுவும் ஒவ்வொரு ஃபைலையும் தட்டி எழுப்பித்தான் பார்க்கும். கலருக்காக ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே தவம் கிடக்கும்!

கெர்னலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, இப்போது கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒட்டுப் போட்ட லஸ்டர் சர்வரில், ஓடுகிற கெர்னல் எது என்று காட்டும் 'யூநேம் -ஆர்' கட்டளையைத் தட்டினால் '3.10.0-957.இஎல்7_லஸ்டர்' என்பது போல ஒரு பெயர் வரும். கடைசியில் இருக்கிற அந்த ஒட்டுதான் ஜாதகம். லினக்ஸ் கெர்னலின் உள் அமைப்பு நிலையானது கிடையாது; பதிப்புக்குப் பதிப்பு மாறும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய பிரசித்தமான ஆவணம் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே ஒரு கெர்னலுக்காகக் கட்டிய லஸ்டர் மாட்யூல் (கெர்னலுக்குள் ஏற்றுகிற துணை நிரல்) இன்னொரு கெர்னலில் ஏறாது. யாரோ ஒரு நல்லவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மென்பொருள்களைப் புதுப்பிக்கிற 'யம் அப்டேட்' கட்டளையை அடித்து, பாதுகாப்புக்காகப் புதுக் கெர்னல் இறங்கி, சர்வரும் ரீபூட் ஆகிவிட்டால்? மவுன்ட் செய்யப் போனால் 'அப்படி ஒரு சாதனமே இல்லை. லஸ்டர் மாட்யூல்கள் ஏறியிருக்கின்றனவா?' என்று திரை திருப்பிக் கேட்கும். அதனால்தான் விவரமான நிர்வாகிகள் யம்மின் அமைப்பு ஃபைலில் கெர்னலைத் தொடாதே என்று முதல் வேலையாக ஒரு வரி சேர்க்கிறார்கள். பாதுகாப்பு ஓட்டையும் அடைபடாமல் நிற்கிறதே என்றால், ஆமாம், நிற்கிறது. இந்த இழுபறிதான் ஒட்டுக் கெர்னலுக்குக் கொடுக்கிற விலை.

அப்படியானால் லினக்ஸுக்குள்ளேயே லஸ்டரைச் சேர்த்துவிடலாமே? சேர்த்தார்கள்! 2013-இல் 3.11 கெர்னலின் சோதனைப் பகுதியில் லஸ்டர் கிளையன்ட் நுழைந்தது. ஐந்து வருஷம் இருந்தது. நிஜமான மேம்பாடு வெளியே தனி மூலநிரலில் நடந்துகொண்டிருக்க, உள்ளே இருந்தது பின்தங்கிப் போனது. 2018-இல் 4.18 கெர்னலிலிருந்து அதை அப்படியே தூக்கி வெளியே போட்டார்கள். தூக்கியவர் யார் தெரியுமா? அதே கிரெக் குரோவா-ஹார்ட்மன்! நீக்கியது எவ்வளவு பெரியது என்றால், அந்தப் பதிப்பில் சேர்த்த வரிகளைவிடக் கழித்த வரிகள் அதிகம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டில் வளர்கிற நிரல் எந்த வீட்டிலும் தேறாது.

லஸ்டர் கைமாறிய கதை தனிச் சினிமா, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: 2007-இல் சன் கம்பெனி, 2010-இல் சன்னையே வாங்கிய ஆரக்கிள். அந்த வருஷக் கடைசியிலேயே ஆரக்கிள் கையைக் கழுவியது. வாம்கிளவுட் என்ற புதுக் கம்பெனி தாங்கிப் பிடித்தது. அதை 2012-இல் இன்டெல் வாங்கியது, 2018-இல் டிடிஎன் என்ற சேமிப்பகக் கம்பெனிக்கு விற்றது. பெயருக்கான வணிகச் சின்னம் மட்டும் வேறு பாதையில் சுற்றி, 2019-இல் பயனர் அமைப்புகளின் கைக்கே வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் நடுவில் அது சாகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம். கம்பெனிகள் போனாலும் நிரல் எல்லோரிடமும் இருந்தது.

ஒட்டுப் போடுகிற தொல்லையைத் தீர்க்கிற மாதிரி லிவர்மோர்காரர்கள் செய்த காரியம் இன்னும் பிரமாதம். சன் கம்பெனியின் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை லினக்ஸுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்! உரிமச் சிக்கலால் அது கெர்னலுக்குள் போக முடியாது, ஆனால் வெளியிலிருந்து மாட்யூலாக ஏறும், ஒரு பேட்ச்சும் தேவையில்லை. 2012-இல் உலகின் முதலிடத்துக்கு வந்த சீக்கோயா சூப்பர் கம்ப்யூட்டருக்கு அவர்கள் அதன்மேல் அமைத்த லஸ்டர் 55 பெட்டாபைட். இன்றைக்கு வீட்டில் ஒரு பெட்டியில் நாலு ஹார்ட் டிஸ்க் போட்டுச் சினிமா சேர்த்துவைக்கிற நண்பர் லினக்ஸில் இசட்எஃப்எஸ் ஓட்டுகிறார் என்றால், அவரும் லஸ்டருக்குக் கடன்பட்டவர்.

இப்போது எங்கே நிற்கிறது? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2022-இல் எக்ஸாஃப்ளாப் என்ற வேக எல்லையை முதன்முதலாகத் தாண்டிய ஃப்ரன்டியர் சூப்பர் கம்ப்யூட்டர். அதன் சேமிப்பகம் 'ஓரியன்', லஸ்டரும் இசட்எஃப்எஸ்ஸும் சேர்ந்தது. சுமார் 47,700 ஹார்ட் டிஸ்க்குகள், 679 பெட்டாபைட் இடம். 128 ஜிகாபைட் போன்களாக அடுக்கினால் 53 லட்சம் போன்! அந்த டிஸ்க்குகளுக்கு முன்னால் ஃப்ளாஷ் அடுக்கு ஒன்று, வேகம் வினாடிக்கு 10 டெராபைட் வரை.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டைக் கவிழ்க்க என்ன வேண்டும்? ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும்! 2021 டிசம்பர், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம். பழைய லாக் ஃபைல்களை அழிக்கிற ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சேவை நிறுவனத்தார் அதன்மேல் திருத்திய பதிப்பை எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டுகிற பாஷ் ஒரு ஸ்கிரிப்ட்டை மொத்தமாகப் படித்துவிட்டு ஓட்டாது. கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டே ஓட்டும். பாதி வழியில் அது புது ஸ்கிரிப்ட்டின் நடுவில் போய் விழுந்தது. எந்த டைரக்டரியில் அழிக்க வேண்டும் என்று சொல்கிற மாறியில் ஒன்றுமே இல்லை. விளைவு, பத்து நாளைக்கு மேல் பழைய லாக் ஃபைல்களுக்குப் பதிலாக லஸ்டரில் இருந்த ஆராய்ச்சியாளர்களின் ஃபைல்களே அழியத் தொடங்கின. 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள், 14 ஆராய்ச்சிக் குழுக்கள். இதில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. லஸ்டரிடம் தப்பே இல்லை, சொன்னதைச் சரியாகச் செய்தது.

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் பார்க்க 47,700 டிஸ்க் தேவையில்லை. லஸ்டரின் மூலநிரலுக்குள் 'டெஸ்ட்ஸ்' என்ற டைரக்டரியில் 'எல்எல்மவுன்ட்' என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினில், நிஜ டிஸ்க்குக்குப் பதில் சாதாரண ஃபைல்களையே டிஸ்க்காகக் காட்டி, மெட்டாடேட்டா சர்வர், சேமிப்பு சர்வர், கிளையன்ட் எல்லாவற்றையும் அது எழுப்பிக் கொடுத்துவிடும். அதில் ஒரு ஃபைலைத் துண்டு போட்டுப் பாருங்கள், ஒரு சர்வரைக் கொன்று பாருங்கள். ஓடுகிற ஸ்கிரிப்ட்டை மட்டும் திருத்தாதீர்கள்.